பில்லும் கிட்டங்கியும் பேரேடும் ஒரே கணக்கில்



இன்று ஓரளவு வியாபாரம் நடக்கிற மளிகைக் கடை எதுவானாலும் கல்லாவில் பில் போடும் மெஷின் இருக்கிறது. பக்கத்திலேயே க்யூ.ஆர். அட்டையும், பணம் வந்தால் சத்தம் கொடுக்கும் பெட்டியும் இருக்கின்றன. கிட்டங்கியில் சரக்கு இறங்கும்போது குறித்து வைக்க ஒரு நோட்டு. வரிக் கணக்கு ஆடிட்டர் ஆபீசில் டாலியில் ஏறுகிறது. ஆக, ஒரே கடைக்கு நான்கு இடத்தில் கணக்கு. தனித்தனியே பார்த்தால் நான்கும் சரிதான். ஆனால் ஒன்றுக்கு மற்றொன்று தெரியாது. மாதக் கடைசியில் பில் மெஷின் காட்டும் விற்பனை ஒரு தொகை, பாங்கிலும் கல்லாவிலும் சேர்ந்தது ஒரு தொகை, கிட்டங்கியில் குறைந்த சரக்கின் மதிப்பு வேறொரு தொகை என்று நிற்கும். வித்தியாசம் எங்கே போனது என்று தெரியாமல் கடைப் பையன் முகத்தைப் பார்ப்போம்.

இந்த நான்கையும் ஒன்றோடொன்று இணைத்துவிட்டால் வியாபாரிக்கு என்ன லாபம், என்ன சிரமம் என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். கம்ப்யூட்டர் கம்பெனிக்காரர்கள் இதற்கு ‘இன்டகிரேஷன்’ என்று பெயர் சொல்லிப் பெரிய படமெல்லாம் போட்டுக் காட்டுகிறார்கள். நமக்குப் படம் வேண்டாம். ஒரு தடவை எழுதியது, ஏறவேண்டிய எல்லா இடத்திலும் தானாக ஏறவேண்டும். விஷயம் அவ்வளவுதான்.

இது நமக்குப் புதிதும் இல்லை. பழைய கடைகளில் கணக்குப்பிள்ளை என்று ஒருவர் இருப்பார். பகலில் சிட்டையில் குறித்ததை இரவில் நாள்வழியில் ஏற்றுவார். நாள்வழியிலிருந்து பேரேட்டில் ஆள்வாரியாகப் பெயர்த்து எழுதுவார். கிட்டங்கி இருப்பும் அவருக்கு மனப்பாடம். கீழமாசி வீதியிலிருந்து எத்தனை மூட்டை வந்தது, பேரையூர்க் கடைக்காரர் எவ்வளவு பாக்கி என்பதெல்லாம் அவர் ஒருவரிடமே இருந்தது. பிறகு மெஷின்கள் வந்தன, கணக்குப்பிள்ளை போய்விட்டார். அவர் பார்த்த மற்ற வேலைகளை மெஷின்கள் எடுத்துக்கொண்டன. ஓரிடத்திலிருந்து இன்னோரிடத்துக்குப் பெயர்த்து எழுதும் வேலையை மட்டும் யாரும் எடுத்துக்கொள்ளவில்லை.

இந்த வேலைக்காகவே பிறந்ததுதான் டாலி. பெங்களூரில் ஷியாம் சுந்தர் கோயங்கா என்ற வியாபாரி, ஆலைகளுக்கும் நூற்பாலைகளுக்கும் மூலப்பொருளும் இயந்திர உதிரிப் பாகங்களும் சப்ளை செய்துவந்தார். தம் கடைக் கணக்குக்கு ஏற்ற சாஃப்ட்வேர் எதுவும் கிடைக்காததால், கணிதம் படித்த தம் மகன் பரத் கோயங்காவையே ஒன்று எழுதச் சொன்னார். 1986-இல் பியூட்ரானிக்ஸ் என்ற பெயரில் கம்பெனி தொடங்கியது. நம்மைப் போன்ற ஒரு சரக்கு வியாபாரியின் தேவையிலிருந்து வந்த சாமான் அது என்பதை நாம் மறந்துவிட்டு, ஆடிட்டர் ஆபீசுக்கு உரியது என்று ஒதுக்கிவிட்டோம்.

அரசாங்கம் இணைத்துவிட்டது

நாம் இணைக்கிறோமோ இல்லையோ, நம் கணக்குகளை அரசாங்கம் எப்போதோ இணைத்தாகிவிட்டது. 1-7-2017-இல் ஜி.எஸ்.டி. வந்தபோது நம்மில் பலர், பழைய விற்பனை வரிக்குப் பதில் புது வரி என்று மட்டுமே நினைத்தோம். 2018 ஏப்ரலில் வெளிமாநிலச் சரக்குக்கும், ஜூன் 2 முதல் தமிழ்நாட்டுக்குள் போகும் சரக்குக்கும் ஈ-வே பில் வந்தது. 2021 தொடக்கத்தில் அந்த ஈ-வே பில்லையே லாரியின் ஃபாஸ்டேகோடு சேர்த்தார்கள். எந்த வண்டி எந்த டோல்கேட்டை எப்போது தாண்டியது என்பது வரி அதிகாரிக்குத் தெரியும். ஆண்டுக்கு ஐந்து கோடிக்கு மேல் விற்பனை உள்ளவர்கள் 1-8-2023 முதல் மற்ற வியாபாரிகளுக்குப் போடும் பில்லை ஈ-இன்வாய்ஸாகத்தான் போடவேண்டும். அந்த பில் போட்டதுமே விற்றவர் ரிட்டர்னுக்குப் போகிறது, அங்கிருந்து வாங்கியவர் கணக்கிலும் தெரிகிறது. வருமான வரித் துறை 2021 முதல் கொடுக்கிற ஆண்டுத் தகவல் அறிக்கையில் நம் ஜி.எஸ்.டி. விற்பனைத் தொகையும் இருக்கிறது.

இதன் பலனை 2025 ஜூலையில் கர்நாடகத்தில் பார்த்தோம். யு.பி.ஐ. மூலம் வந்த பணத்தைக் கூட்டிப் பார்த்து, 40 லட்சம் ரூபாய் வரம்பைத் தாண்டியவர்கள் என்று சிறு கடைக்காரர்கள் ஆயிரக்கணக்கானவர்களுக்கு அம்மாநில வணிகவரித் துறை நோட்டீஸ் அனுப்பியது. காய்கறி, பால் என்று வரியே இல்லாத பொருள் விற்றவர்களும் அதில் இருந்தார்கள். பெங்களூரில் பல கடைகளில் யு.பி.ஐ. அட்டையைக் கழற்றிவிட்டு ‘ரொக்கம் மட்டும்’ என்று எழுதித் தொங்கவிட்டார்கள். பிறகு அரசு வணிகர்களோடு பேசி இறங்கிவந்தது என்பது வேறு விஷயம். அந்தக் கடைக்காரர்களின் சங்கடம் என்னவென்றால், பாங்கில் வந்த பணத்துக்குப் பத்து பைசா பிசகாமல் பதிவு இருந்தது. எந்தப் பணம் வரியில்லாத சரக்குக்கு வந்தது, எது கைமாற்று திரும்பி வந்தது, எது வீட்டுப் பணம் என்று எதிரே எடுத்து வைக்க அவர்களிடம் பில் இல்லை. க்யூ.ஆர். அட்டை ஒரு பக்கம், விற்பனை ஒரு பக்கம் இருந்தால் இப்படித்தான் ஆகும். பில் தொகையோடு சேர்ந்தே க்யூ.ஆர். வருகிற மாதிரி வைத்துக்கொண்டால், ஒவ்வொரு வரவும் ஒரு பில் நம்பரோடு நிற்கும். போலி ஸ்கிரீன் ஷாட்டைக் காட்டிவிட்டுப் போகிறவர்களிடமிருந்தும் தப்பிக்கலாம்.

கிராமத்துக் கடைக்கு இவ்வளவு கணக்கு எதற்கு என்று கேட்கிற அன்பர்கள் உண்டு. நம் டி. கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில் கடைசிக் காலத்தில் வாழ்ந்து 1960-இல் மறைந்த ஜே.சி. குமரப்பா, கிராமத் தொழிலுக்காகவே உழைத்தவர். அவர் லண்டனில் தேறிய ஆடிட்டர் என்பது பலருக்கு நினைவில் இல்லை. 1934-இல் பீகார் பூகம்ப நிவாரணப் பணத்துக்குக் கணக்குப் பார்த்தவரும் அவரே. கிராமத்துக்காக நின்றவர் கணக்கைக் கைவிட்டவர் இல்லை.

கொள்முதல் வரி

இணைப்பினால் நேராகக் கைக்கு வரும் பணம் என்றால் அது கொள்முதல் வரி வரவுதான். இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும்.

1-1-2022 முதல் சட்டம் இப்படி இருக்கிறது: நாம் வாங்கிய சரக்குக்குக் கொடுத்த வரியைக் கழித்துக்கொள்ள, கையில் பில் இருந்தால் மட்டும் போதாது. விற்றவர் அந்த பில்லைத் தம் ஜி.எஸ்.டி.ஆர்.-1-இல் ஏற்றி, அது நம் ஜி.எஸ்.டி.ஆர்.-2பி-யில் வந்திருக்கவேண்டும். மாதத் தாக்கல் செய்பவர் 11-ஆம் தேதிக்குள் ஏற்றவேண்டும். நம் 2பி 14-ஆம் தேதி தயாராகும். நாம் 20-ஆம் தேதிக்குள் 3பி தாக்கல் செய்து வரி கட்டவேண்டும். ஆக, சரிபார்க்க நமக்கு இருப்பது ஆறு நாள்.

இரண்டு லட்சம் ரூபாய்க்கு நெய் வாங்கினோம் என்று வைத்துக்கொள்வோம். ஐந்து சதவீத வரி 10,000 ரூபாய். மொத்த வியாபாரத்தில் நூற்றுக்கு மூன்று ரூபாய் நிற்கிறது என்றால் அந்தச் சரக்கில் நம் லாபம் 6,000. விற்றவர் பில்லை ஏற்றாவிட்டால் பத்தாயிரத்தை நாம் கையிலிருந்து கட்டுகிறோம். சரக்கும் பணமும் சரியாகக் கைமாறியும் அந்த வியாபாரம் நஷ்டத்தில் முடிகிறது. நிதி ஆண்டு முடிந்து வருகிற நவம்பர் 30 வரைதான் அந்த வரவை எடுக்கச் சட்டம் இடம் கொடுக்கிறது. அதுவும் போனால் போனதுதான்.

தனித்தனிக் கணக்கு வைத்திருப்பவருக்கு இது எப்போது தெரியும்? கொள்முதல் பில்கள் ஒரு கம்பியில் குத்திக் கிடக்கும். 15-ஆம் தேதிக்கு மேல் ஆடிட்டர் ஆபீசுக்குப் போகும். அங்கே நம்மைப் போல் ஐம்பது பேர் கம்பி வந்திருக்கும். அவசரத்தில் வந்ததை எடுத்துக்கொண்டு தாக்கல் செய்துவிடுவார்கள். விடுபட்டது ஆண்டுக் கணக்கின்போது தெரியும். அதற்குள் அந்த சப்ளையருக்கு முழுப் பணமும் கொடுத்திருப்போம். பிறகு எதைப் பிடித்துக்கொண்டு கேட்பது?

சரக்கு இறங்கிய அன்றே கொள்முதல் பில் கம்ப்யூட்டரில் ஏறிவிட்டால், 14-ஆம் தேதி 2பி-யை இறக்கிப் பக்கத்தில் வைத்ததும் யார் யார் பில் வரவில்லை என்று பட்டியல் வந்துவிடும். அன்றைக்கே போன் போடலாம். அடுத்த பணத்தை நிறுத்தி வைக்கலாம். மூன்று மாதத்துக்கு ஒரு முறை தாக்கல் செய்யும் சிறு சப்ளையர் என்றால், அவர் 13-ஆம் தேதிக்குள் ஐ.எஃப்.எஃப். என்ற வசதியில் பில்லை ஏற்றாவிட்டால் காலாண்டு முடிந்த பிறகே நமக்கு வரும். அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளலாம். மறுபக்கமாகவும் இது உதவும். சரக்கு வாங்கி 180 நாளில் பணம் கொடுக்காதவர், எடுத்த வரி வரவைத் திருப்ப வேண்டியிருக்கும். பாக்கிக்காரர் பட்டியலில் நாள் கணக்கும் சேர்ந்து வந்தால், நம் லைன் வண்டிப் பையன் சாப்டூரிலும் எழுமலையிலும் வசூலுக்கு நிற்கும்போது மரியாதையாகவே எடுத்துச் சொல்ல ஒரு காரணம் கிடைக்கிறது.

ஒன்றரைக் கோடிக்கு உட்பட்டு ஒரு சதவீதக் காம்பவுண்டிங் முறையில் இருப்பவர்களுக்குக் கொள்முதல் வரி வரவே கிடையாது. ஆகவே மேலே சொன்னது அவர்களுக்குப் பொருந்தாது. அவர்களுக்குக் கிடைக்கும் லாபம் கிட்டங்கியில் இருக்கிறது.

கிட்டங்கி

சோப்பு, பிஸ்கட்டுக்கு இருப்புக் கணக்கு வைப்பது சுலபம். பாக்கெட்டிலேயே பார்கோடு இருக்கிறது. பெரும்பாலும் 890 என்று தொடங்கும் எண் அது. உலகத்தில் முதன்முதலாக ஒரு கடையில் பார்கோடு படித்து விற்றது 1974 ஜூன் 26, அமெரிக்காவின் ஒஹையோவில், ஒரு சூயிங்கம் பாக்கெட். அதன் பிறகுதான் பெரிய கடைகள், கல்லாவில் ஒரு பொருள் தாண்டியதுமே கிட்டங்கிக்குச் செய்தி போகும்படி செய்துகொண்டன. வால்மார்ட் 1991-இல் தன் சப்ளையர்களுக்கே அந்தக் கணக்கைத் திறந்துவிட்டது. நம் ஊருக்கு வருகிற சூப்பர் மார்க்கெட்டுகளின் பலமும் குளிர்சாதனத்தில் இல்லை, இதில்தான் இருக்கிறது.

நம் கஷ்டம் சில்லறை எடைச் சரக்கில். மூட்டையில் வாங்குகிறோம், கிலோவில் விற்கிறோம், நூறு கிராமிலும் விற்கிறோம். துவரம் பருப்பு ஐம்பது கிலோ மூட்டை ஆறு, கிலோ 120 ரூபாய்க்கு வாங்கி 124-க்குச் சில்லறையில் விற்றதாக வைத்துக்கொள்வோம். முந்நூறு கிலோவில் 1,200 ரூபாய் லாபம் என்று நாம் மனத்தில் போட்டுக்கொள்கிறோம். பில்லைக் கூட்டினால் 293 கிலோதான் விற்றிருக்கிறது, சாக்கு காலி. விற்ற பணம் 36,332, வாங்கிய விலை 36,000. நின்றது 332 ரூபாய். ஏழு கிலோ தூசியிலும் உடைசலிலும் போனதா, மூட்டையே குறைவாக வந்ததா, தராசில் தாராளமாகப் போட்டார்களா, வேறு வழியில் வெளியே போனதா? மூட்டை வரவும் கிலோ விற்பனையும் ஒரே கணக்கில் இருந்தால் எந்தச் சரக்கில், எந்த வாரத்தில் என்று தெரியும். விருதுநகரில் ஒருவரிடம் வாங்கும் மூட்டையில் மட்டும் தொடர்ந்து குறைகிறது என்றால் பேச்சு எங்கே நடக்கவேண்டும் என்பதும் தெரிந்துவிடும். பையனைச் சந்தேகப்படாமலும் இருக்கலாம். அதற்கே நூறு புண்ணியம்.

பருப்பில் இன்னொரு சிக்கல். 18-7-2022 முதல் 25 கிலோ வரை லேபிள் ஒட்டிப் பாக்கெட் போட்ட அரிசி, பருப்புக்கு 5 சதவீதம் வரி. அவிழ்த்து நிறுத்துக் கொடுத்தால் இல்லை. (26 கிலோ அரிசிப் பை எப்படிப் பிறந்தது என்று வாங்குகிற தாய்மார்களுக்குக்கூடத் தெரியும்.) ஒரே மூட்டையிலிருந்து பாதியை லேபிள் பாக்கெட்டாகவும் பாதியை உதிரியாகவும் விற்கிறவர், கம்ப்யூட்டரில் இரண்டு சரக்காக வைத்து, ஒன்றிலிருந்து மற்றதற்கு மாற்றல் போடவேண்டும். இதைச் செய்யத் தெரியாத சாஃப்ட்வேர் மளிகைக் கடைக்கு உதவாது.

2025 செப்டம்பரில் நடந்ததையும் நினைத்துப் பாருங்கள். 3-ஆம் தேதி கவுன்சிலில் முடிவு, 22-ஆம் தேதி அமல். குளியல் சோப்பு, ஷாம்பு, பற்பசை, தலை எண்ணெய், பிஸ்கட் எல்லாம் 18-லிருந்து 5-க்கு வந்தன. நெய் 12-லிருந்து 5-க்கு வந்தது. சலவைத் தூள் 18-லேயே நின்றது. நவராத்திரி வியாபாரம் நெருங்கிய நேரம். ஒரே சரக்குப் பட்டியல் வைத்திருந்தவர்கள் ராத்திரி உட்கார்ந்து ஒரு முறை மாற்றினார்கள். பில் மெஷின் தனி, கணக்கு தனி என்று வைத்திருந்தவர்கள் இரண்டு இடத்தில் மாற்றவேண்டி வந்தது. ஓரிடத்தில் விட்டால் பில்லில் 18, ரிட்டர்னில் 5. வாடிக்கையாளரிடம் வரி என்று வாங்கியதை அரசுக்குக் கட்டியே ஆகவேண்டும் என்பது சட்டம்.

அரை இணைப்பின் ஆபத்து

இணைப்பைப் புகழ்ந்துகொண்டே போவது சரியல்ல. நம் ரேஷன் கடைகளில் பி.ஓ.எஸ். மெஷினோடு எலெக்ட்ரானிக் தராசை இணைத்திருக்கிறார்கள். தராசில் சரியான எடை இருந்தால்தான் பில் வரும். மக்களுக்கு நல்ல ஏற்பாடுதான். ஆனால் வரிசை நகரத் தாமதமாகிறது என்று ஊழியர்கள் குறைப்பட்டார்கள். கிடங்கிலிருந்து வரும் மூட்டையும் சரியான எடையில் வரவேண்டும் என்பது அவர்களுடைய நெடுநாளைய கோரிக்கை. அதில் நியாயம் இருக்கிறது. கொடுக்கிற பக்கம் கிராம் சுத்தமாகக் கணக்கு, வாங்குகிற பக்கம் மூட்டைக் கணக்கு என்றால், நடுவில் நிற்கிறவர் தலையில் குறைவு விழும். நம் கடையிலும் பில்லை மட்டும் இணைத்துக் கொள்முதலை இணைக்காமல் விட்டால் இருப்பு மைனஸில் ஓடும், ஒரு மாதத்தில் யாரும் அதைப் பார்க்கமாட்டார்கள். எங்கள் கடையில், கொள்முதல் ஏறாத மூட்டை கிட்டங்கி வாசலைத் தாண்டக்கூடாது என்று வைத்திருக்கிறோம். லாரிக்காரர் முணுமுணுப்பார், பத்து நிமிஷம்தான்.

இன்னொன்று, இணைந்த கணக்கில் ஒரு தப்பு நுழைந்தால் அதுவும் எல்லா இடத்துக்கும் போகும். ஒரு சரக்குக்கு வரி விகிதத்தைத் தவறாகப் போட்டால் ஆயிரம் பில்லிலும் தவறு. ஆகவே விலையையும் வரியையும் மாற்றும் அதிகாரம் முதலாளி, அல்லது நம்பிக்கையான ஒருவர், கையில் மட்டும் இருக்கட்டும்.

கம்பெனி ஏஜென்சி எடுத்த அன்பர்களுக்கு வேறொரு தொல்லை. ஒவ்வொரு கம்பெனியும் தன் சாஃப்ட்வேரைக் கொடுத்து அதில்தான் பில் போடவேண்டும் என்கிறது. அதன் மூலம் நம் இருப்பும் நம் கடைக்காரர்களின் பட்டியலும் கம்பெனிக்குத் தெரிகின்றன. ஐந்து ஏஜென்சி இருந்தால் ஐந்து சாஃப்ட்வேர், நம் மொத்தக் கணக்கு மட்டும் எதிலும் இல்லை. அதை இணைப்பு என்று சொன்னால் அது அவர்களுக்கான இணைப்பு. அன்றாட பில்களை நம் கணக்குக்குப் பெயர்த்துத் தருகிற வசதி உண்டா என்று ஏஜென்சி எடுக்கும் முன்பே கேட்டுவிடுங்கள்.

எதை வாங்குவது என்று கேட்டால், நான் யாருக்கும் ஏஜென்ட் இல்லை. டாலி இருக்கிறது. தென்காசிப் பக்கம் மத்தளம்பாறையில் ஆபீஸ் வைத்திருக்கும் ஜோஹோவும் கணக்குச் சாஃப்ட்வேர் தருகிறது. மதுரையிலேயே எழுதிக் கொடுப்பவர்களும் உண்டு. ஆண்டுக்கு 40 லட்சத்துக்குள் நடக்கிற சிறு கடைக்குச் செல்போனில் ஒன்று போதும். உங்கள் ஆடிட்டர் எதைத் திறந்து பார்ப்பார் என்று முதலில் கேளுங்கள். நெட் இல்லாதபோதும் பில் ஓடுமா என்று மெயினை நிறுத்திக் காட்டச் சொல்லுங்கள். சந்தா கட்டாமல் விட்டால் நம் பழைய கணக்கை எக்ஸலில் எடுத்துக்கொள்ள முடியுமா என்று எழுதி வாங்குங்கள்.

வாங்குவதற்கு முன் ஒரு வேலை இருக்கிறது, அதை எந்தக் கம்பெனிக்காரரும் செய்துதர மாட்டார். நம் கடைச் சரக்குப் பட்டியலைச் சுத்தம் செய்வது. பல கடைகளின் பில் மெஷினில் ‘து.பருப்பு’, ‘துவரை’, ‘தொவரம்’, ‘பருப்பு ஃபஸ்ட்’ என்று ஒரே சரக்கு நான்கு பெயரில் கிடக்கிறது. ஒவ்வொன்றுக்கும் ஒரே பெயர், ஒரே எண், வாங்கும் அளவு, விற்கும் அளவு, எச்.எஸ்.என். எண், வரி விகிதம், பாக்கெட் சரக்கானால் காலாவதித் தேதி என்று எழுதவேண்டும். ஆயிரம் அயிட்டம் உள்ள கடைக்குக் கடை சாத்திய பிறகு தினம் இரண்டு மணி நேரம் உட்கார்ந்தால் பத்து நாளாகும். மார்ச் முதல் வாரத்தில் தொடங்கினால் மார்ச் 31 இரவு இருப்பு எடுக்கும்போது பட்டியல் தயாராக இருக்கும், ஏப்ரல் 1 காலையில் முதல் பில்லைப் புதுக் கணக்கில் போடலாம். இருப்பு எடுக்கிற அன்று கிட்டங்கியில் மூட்டையை எண்ணுகிறவர் ஒருவராகவும் எழுதுகிறவர் வேறொருவராகவும் இருக்கட்டும். பிரித்த மூட்டைகளை மட்டும் தராசில் ஏற்றி நிறுத்துவிடுங்கள்.